குருநகரில் கோல் பிடித்த ஐந்து நாட்கள்

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு, ஆனையிறவை அடைய இன்னும் நாலைந்து மைல் இருக்கும்போது, நான் வந்த பேருந்தின் பின் சக்கரம் வெடித்தது. உடனே மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு எது நடந்தாலும் முதலில் நேரம் பார்க்கத்தான் தோன்றும். அந்தப் பதினொன்று இருபதைத் தாண்டி என்னால் இன்னும் வரமுடியவில்லை.

மேலதிகச் சக்கரம் ஒன்று இருந்தது. அதிலும் காற்றில்லை. சாரதி அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இப்பிடித்தான் கிடக்குமெண்டு எனக்குத் தெரியும். மற்றது இண்டைக்கு வெடிக்குமெண்டுதான் தெரியாது," என்றார். நாற்பது பேரும் இறங்கி ஒரு பாலைமரத்தின் நிழலைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றோம்.

நான் சாம்பியாவில் நடோலா என்ற ஊரில் கணிதம் படிப்பிக்கிறேன். அது எண்பத்தாறாம் ஆண்டு, மாம்பழக் காலம். எங்கள் ஒரே மகள் கௌரிக்குப் பதினேழு வயது. உயர்தரப் பரீட்சையை ஊரிலேயே எடுக்கட்டும் என்று, கொடிகாமத்தில் என் அக்கா வீட்டில் அவளை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது என் முடிவு. மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

அக்காவிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: பிள்ளை பின்னேரங்களில் குருநகருக்குப் போய்க் கோலடி பழகுகிறது, கையெல்லாம் காய்ப்பு, கேட்டால் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் எங்களைப் பயப்படுத்தியது. ஊரில் பிள்ளைகள் எதற்குப் பழகுகிறார்கள், பழகிய பின் எந்த இயக்கத்துக்குச் சண்டை பிடிக்கப் போகிறார்கள் என்பது நடோலா வரைக்கும் தெரிந்த விஷயம். செவ்வாய்க்கிழமை வருகிறேன், திங்கட்கிழமை என்னோடு புறப்பட ஆயத்தமாக இரு, மறுபேச்சு வேண்டாம் என்று அவளுக்கு எழுதினேன். பேருந்து பத்து மணிக்கு மேல் எந்நேரமும் வரலாம், சந்தியில் நில் என்றும் எழுதினேன்.

மாற்றுச் சக்கரம் வந்து பூட்டிப் புறப்பட்ட பிறகு, ஆனையிறவுக் காவலரணில் மறுபடியும் இறங்கி நடந்தோம். தோளில் துவக்கு தொங்க என் பெட்டியைக் கிளறிய இரண்டு சிப்பாய்கள் சிங்களத்தில் கதைத்தார்கள். எனக்குக் கொஞ்சம் சிங்களம் விளங்கும். "இந்த ஆள் ஆபிரிக்காவிலிருந்து இங்கே வருகிறானாம்," என்றான் ஒருவன். "எல்லாரும் இங்கிருந்து ஓடுகிற காலத்தில் இவனுக்கு என்ன விசரா?" என்றான் மற்றவன். இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பயணத்தில் நான் கடைசியாகச் சிரித்தது அந்தக் காவலரணில்தான் என்று நினைக்கிறேன்.

கொடிகாமத்தில் இறங்கியபோது மணி ஐந்து. சந்தை கலைந்துகொண்டிருந்தது. நசிந்த தக்காளியும் வாழைச்சருகும் காலில் மிதிபட்டன. மாம்பழக் கடகத்தை மூடிக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் அந்தப் பிள்ளையின்ரை தேப்பனே? மூண்டு மணி மட்டும் இந்த வெயிலுக்கை நிண்டது. இருக்கச் சொன்னால் இருக்கேல்லை. ரெண்டு கறுத்தக் கொழும்பான் பழம் வாங்கிக்கொண்டு போட்டுது."

அந்த இரண்டு பழங்களும் அக்கா வீட்டு மேசையில் கடதாசியில் சுற்றியபடி இருந்தன. கௌரி இல்லை. மூன்று மணிக்கு வந்து பொட்டலத்தைக் கொடுத்து, கிளாசுக்குப் போறன் மாமி என்று சொல்லி மினிபஸ் ஏறியதாக அக்கா சொன்னார். ஏழு மணிக்கு வந்துவிடுவாள் என்றார். ஏழு ஆனது, எட்டு ஆனது. அக்கா குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் போட்டு வைத்தார். எனக்கு இறங்கவில்லை. பழத்தையாவது சாப்பிடு தம்பி என்று அவர் கடதாசியைப் பிரித்தபோதுதான் உள்பக்கத்தில் எழுத்து இருந்தது தெரிந்தது.

"அப்பா, மூன்று மணி வரைக்கும் நின்றேன். கோபிக்க வேண்டாம், என்னைத் தேடவும் வேண்டாம். பழம் இன்னும் ஒருநாள் வைத்துச் சாப்பிடுங்கோ."

அவள் எனக்கு எழுதும் கடிதங்களில் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி அதே தபாலில் திருப்பி அனுப்புவது என் வழக்கம். இதில் ஒரு பிழையும் இல்லை.

புதன்கிழமை குருநகருக்குப் போனேன். வேறு எங்கே போய்க் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மினிபஸ்ஸில் என் தலை கூரையில் முட்டியது. சாம்பியாவிலும் வண்டி நிறையாமல் புறப்படாது. ஆனால் அங்கே ஆட்கள் பாட்டுப் பாடுவார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் மட்டும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன.

கோலடி பழக்கும் இடம் மாதா கோயிலுக்குப் பின்னால், முருகைக்கல் மதில் சூழ்ந்த ஒரு வளவு. முன்பு வலை காயப்போட்ட இடமாம். கடலுக்குப் போகத் தடை விழுந்த பிறகு வள்ளங்கள் வெளியே கவிழ்ந்து கிடந்தன. குருநகர்க் கடல் ஆழமில்லாதது. நீண்ட மரக்கோலை நிலத்தில் ஊன்றித் தள்ளித்தான் வள்ளம் ஓட்டுவார்கள். இப்போது அந்தக் கோல்களை அறுத்திருந்தார்கள். பதினெட்டடிக் கோல் ஒன்றை மூன்றாக அறுத்தால் பழகுவதற்கு மூன்று ஆறடிக் கோல் வரும்.

பழக்குபவர் பிலோமினா என்ற பெண். முப்பது வயது இருக்கலாம். காலையில் சந்தையில் மீன் விற்று, பின்னேரம் இதைச் செய்கிறார். அவருடைய தமையன் கப்பலில் வேலை செய்தவர். யப்பானின் தெற்கே ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தபோது அங்கே பழகியதை வீட்டுக்கு வந்து தங்கைக்குப் பழக்கிவிட்டுப் போனாராம். எங்கள் சிலம்படி வேறு, இது வேறு. வளவில் பதினைந்து இருபது பெண்கள் நின்று "இச்சி, நி, சான்" என்று யப்பான் மொழியில் எண்ணிக்கொண்டு கோல் வீசினார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் தலையில் நரை விழுந்த ஒரு பெண்ணும் நின்றார்.

நான் படலையைத் திறந்து உள்ளே வந்து, கௌரியின் தகப்பன் என்றேன். எண்ணுவது நின்றது.

"நேற்று வந்தவ மாஸ்ரர்," என்றார் பிலோமினா. "நாலரைக்கு வந்து, எல்லாரோடையும் பழகி, அஞ்சரைக்குப் போனவ. எங்கையெண்டு எனக்குச் சொல்லேல்லை. சத்தியமாத் தெரியாது."

"பிறகு நான் எங்கை போய்க் கேக்கிறது?"

"இஞ்சை நில்லுங்கோ. இதுக்கு முந்தியும் ரெண்டு பிள்ளையள் இஞ்சையிருந்து இயக்கத்துக்குப் போனவை. சேதி வந்தால் இந்தப் படலையாலைதான் வந்தது."

"எத்தினை நாளிலை வந்தது?"

"ஒராளின்ரை சேதி மூண்டு நாளிலை." மற்றப் பிள்ளையின் சேதிக்கு இன்னும் காத்திருக்கிறார்களாம்.

நிற்கிறேன் என்று மதிலோரம் போனேன். அவர் சுவரில் சாத்தியிருந்த ஒரு கோலை எடுத்து என் முன்னால் நீட்டினார். "மதிலுக்குள்ளை வெறுங்கையோடை ஒருத்தரும் நிக்கேலாது, மாஸ்ரர். தொழில் நிண்டவுடனை இந்த ஒழுங்கையிலை இருக்கிற ஆம்பிளையள் எல்லாம் வந்து மதிலிலை சாய்ஞ்சுகொண்டு பிள்ளையளைப் புதினம் பாத்தவை. பாக்கிறதெண்டால் பழகிக்கொண்டு பாருங்கோ எண்டு ஆளுக்கொரு கோல் குடுத்தன். அடுத்த நாள் ஒருத்தனையும் காணேல்லை. அண்டையிலிருந்து அதுதான் சட்டம்."

"இது ஆரின்ரை கோல்?"

"இஞ்சை அவையவை தங்கடை கோலைத் தங்களோடை வீட்டை கொண்டு போவினம். வைச்சிட்டுப் போன கோல் அடுத்ததா வாற ஆளுக்கு. பிடியுங்கோ."

என் கேள்விக்கு அது பதில் இல்லை. அப்போது எனக்கு அது படவில்லை. கோலின் ஒரு நுனி வெடித்திருந்தது. வெடிப்பு விரியாமல் நீல நைலோன் வலைநூலால் வெகு ஒழுங்காகச் சுற்றிக் கட்டியிருந்தது. நடுவில் இரண்டு இடங்களில் கைபட்டுக் கைபட்டு மரம் கறுத்துப் போயிருந்தது.

நாற்பத்தொன்பது வயதில், கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கடைசி வரிசையில் நின்றேன். முதல் பாடம் பிடி. கோலை மனதில் மூன்றாகப் பிரித்து, பிரியும் இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு கை. ஒரு உள்ளங்கை நிலத்தைப் பார்க்க வேண்டும், மற்றது வானத்தைப் பார்க்க வேண்டும். கேட்க இலகுவாக இருந்தது. நான் பிடித்ததைப் பார்த்துப் பிலோமினா தலையைச் சரித்தார்.

"முதல் நாள் ஒருத்தர் கோல் பிடிக்கிறதைப் பாத்தால் என்ன தொழிலெண்டு சொல்லிப்போடுவன். எங்கடை ஆக்கள் வள்ளம் தள்ளுறது மாதிரிப் பிடிப்பினம், கை மேலை மேலை ஏறும். தோட்டக்காரர் மண்வெட்டி மாதிரி ரெண்டு கையையும் கிட்டக் கிட்ட வைப்பினம். மாஸ்ரரெண்டு கௌரி சொன்னது சரிதான், நீங்கள் உதைப் பிரம்பு மாதிரிப் பிடிச்சிருக்கிறியள்."

வரிசை முழுவதும் சிரித்தது. பார்த்தேன். உண்மைதான். வலது கை ஒரு முனையில் இறுகியிருக்க, இடது கை பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கறுத்துக் கிடக்கிற இடத்திலை பிடியுங்கோ," என்றார். பிடித்தேன். இரண்டு கறுப்புக்கும் நடுவே இருந்த தூரம் என் தோளுக்குக் காணாது. கையை இடுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது.

என் சோடியாக வந்து நின்றவர் நரை விழுந்த அந்தப் பெண். பெயர் றோசலின். மயிலிட்டியில் மீன் ஏலம் கூறுகிறவர். தங்கை வீட்டில் நின்று படிப்பதற்காக மகளைக் குருநகருக்கு அனுப்பியிருந்தார். மகள் இயக்கத்துக்குப் போய் ஒன்பது நாள். ஒன்பது நாளாக இவரும் கோல் பிடிக்கிறார். நான் மேலிருந்து அடிக்க, அவர் மறிக்க வேண்டும். பயந்து பயந்து அடித்தேன்.

"மாஸ்ரர், உங்கடை சாம்பியாவிலை சிங்கம் வந்தாலும் உப்பிடித்தான் தடவிக் குடுப்பியளோ?"

"உங்களுக்குக் கையிலை பட்டிடும் எண்டு பாக்கிறன்."

"என்ரை கையிலை படாதது இனி என்ன கிடக்கு? அடியுங்கோ!"

கோலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் ஆறடிக் கோலோடு மினிபஸ்ஸில் ஏறினேன். நிற்க வைத்தால் கூரையில் இடித்தது. படுக்க வைத்தால் முன்னால் இருந்தவரின் பிடரியில் குத்தியது. "அண்ணை, அதுக்கும் ஒரு ரிக்கற் எடுங்கோ, அது சீற்றிலை இருந்துகொண்டு வருது," என்றான் நடத்துநர். கடைசியில் யன்னல் வழியாக அரைவாசி வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். கைதடி என்ற ஊரில் ஒரு வேலி ஓலையைக் கிழித்துக்கொண்டு போனோம். அக்கா படலையில் நின்று பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "சாம்பியாவிலை பெரிய வாத்தியார். கரையிலை போய்க் கோல் பிடிச்சுக்கொண்டு வாறாய். சனம் என்ன சொல்லும்?" சனம் என்ன சொல்லும் என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் முதற் கேள்வி. பிள்ளை என்ன சொல்லும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை, எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். விடிய எழும்பி, நாலு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். "விடயம்: எனது ஒரே மகளைத் திருப்பித் தருதல் தொடர்பாக" என்று தலைப்பிட்டு அடிக்கோடு இழுத்தேன். அவளுடைய பிறந்த திகதி, பரீட்சைப் பெறுபேறுகள், தாயின் இதய வருத்தம் எல்லாவற்றையும் இலக்கமிட்டு எழுதினேன். கீழே தாழ்மையுடன் என்று போட்டுக் கையெழுத்திட்டு, யாழ்ப்பாணத்தில் இயக்கத்தின் கந்தோர் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்தவனுக்கு இருபது வயது இருக்காது. என் வகுப்பில் இருந்தால் சட்டைப் பொத்தானைப் பூட்டு என்று சொல்லியிருப்பேன்.

நாலு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தான். "நல்ல எழுத்து, ஐயா," என்றான். "மேலை குடுக்கிறம். சனிக்கிழமை வாருங்கோ."

நம்பிக்கையோடு வந்தேன். எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுத்தால் பதில் வரும். அப்படி நம்பித்தான் என் தலைமுறை வாழ்ந்தது. இடமாற்றம், ஓய்வூதியம், மகனுக்கு வேலை, எல்லாம் ஒரு நல்ல மனுவில் கிடைக்கும் என்று நினைத்தவர்கள் நாங்கள். பின்னேரம் வளவில் றோசலினுக்கு அதைச் சொன்னேன். நீங்களும் ஒன்று கொடுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"கடுதாசியோ?" என்று அவர் கோலைத் தரையில் ஊன்றி நின்றார். "மாஸ்ரர், உங்களுக்கு எழுதத் தெரியும், எழுதிறியள். எனக்குக் குந்தியிருக்கத் தெரியும். மீன் வந்து சேரும் மட்டும் கரையிலை குந்தியிருக்கிறதுதானே என்ரை தொழில்."

அன்றும் மேலடிதான் பாடம். என் அடி எதுவும் விழவில்லை. காற்றில் ஒரு சத்தமும் இல்லை. மற்றவர்களின் கோல் "விர்" என்றது. பிலோமினா என் பின்னால் வந்து இடது முழங்கையைத் தட்டினார். "முன்கையாலை அடிக்கிறியள். அது பிரம்படி. இதிலை முன்கை வழிதான் காட்டும். பலமெல்லாம் பின்கையிலை. பின்கையை இடுப்புக்கு இழுங்கோ, முன்னாலை அடி தானா விழும். அடிக்காதையுங்கோ மாஸ்ரர், இழுங்கோ."

அன்று ஐம்பது தடவை இழுத்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் வந்தது. அக்கா எண்ணெய் பூசிவிட்டு, மாம்பழத்தை மறுபடி என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். மணம் வீடு முழுவதும் நிறைந்திருந்தது. இனி வைத்தால் பழுதாகும் என்றார். அவள் வந்து சாப்பிடட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை றோசலின் வளவுக்கு வரவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டாராம். எனக்குச் சோடியாகப் பிலோமினாவே நின்றார். பாதிப் பாடத்தில் ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்டது. ஒருவரும் கத்தவில்லை. பிள்ளைகள் கோலோடு ஓடிப்போய் மதிலை ஒட்டி வரிசையாகப் படுத்தார்கள். நான் மட்டும் நடுவளவில் கோலைப் பிடித்தபடி நின்றேனாம். பிலோமினா வந்து சேட்டுக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கடற்பக்கம் இரண்டு முறை படபடவென்று சுட்டுவிட்டு அது போனது. மண்ணில் கன்னம் பதிய, எனக்கு எதிரே ஒரு சின்னப்பிள்ளையின் முகம் கிடந்தது. அது என்னைப் பார்த்து, "முதல்தரம் இப்பிடித்தான் அங்கிள், பிறகு கால் தானா ஓடும்," என்றது. கௌரியின் காலும் இப்படித்தான் பழகியிருக்கும். நான் நடோலாவில் அவளுடைய எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த நாட்களில்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். பிலோமினா தன் வீட்டு விறாந்தையில் என்னை இருத்தி, பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஒடியற்கூழ் ஊற்றித் தந்தார். நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மேலே புளியும் உறைப்பும். மூக்காலும் கண்ணாலும் நீர் ஓடியது. அழுகிறேனா உறைக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்காத சாப்பாடு. இரண்டாவது பிளா பாதியில்தான் அன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளியில் மச்சமாமிசம் தொடுவதில்லை. சொன்னேன்.

"எங்களுக்கு வெள்ளியிலை இறைச்சிதான் இல்லை," என்றார் பிலோமினா. "உங்களுக்கு மீனும் இல்லையோ? பாவங்கள். அப்ப மாதா மன்னிப்பா, உங்கடை பிள்ளையாரைப் பற்றி எனக்குத் தெரியாது. குடியுங்கோ."

குடித்தேன். சாம்பியாவில் சோளமாக் களி தருவார்கள். வயிறு நிறையும், ஊரின் ஒரு ருசியும் அதில் இராது. இதைக் குடித்தபோது இந்த ஊரில் எனக்குத் தெரியாத ஒரு ஊர் இருந்திருக்கிறது என்று தோன்றியது. கௌரி அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு வருடக் கடிதங்களில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை கந்தோருக்குப் போனேன். அதே பொடியன். மனு மேலே போயிருக்கிறது என்றான். எப்போது பதில் வரும் என்று கேட்டேன். தெரியாது என்றான். திங்கள் காலை எனக்குப் பேருந்து என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஐயா, உங்கடை எழுத்து அச்சு மாதிரி இருக்குது. இரத்ததானத்துக்கு ஒரு நோட்டீஸ் ஒட்ட வேணும். எழுதித் தருவியளோ?"

இருந்து எழுதினேன். பெரிய வெள்ளைத் தாளில், அடிமட்டம் பிடித்து, மூன்று பிரதி. எழுதிக் கொடுத்தால் மகளைத் தருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தையும் அப்படி நினைத்துத்தான் எழுதினேன். வெளியே வந்தபோது முதல் பிரதியைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். போகிற ஒருவர் நின்று வாசித்துவிட்டு, "ஆரோ நல்லாப் படிச்ச ஆள் எழுதியிருக்கு," என்றார்.

அன்று பின்னேரம் என் கோல் முதல்முறையாக "விர்" என்றது. பின்கையை இழுத்தபோது தானாக நடந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் நின்றுவிட்டேன். ஒரு கணம், ஒரேயொரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளைத் தொலைத்த ஐந்தாம் நாள் ஒரு தடியை வீசிச் சந்தோஷப்பட்டதை மனைவிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இப்போதும் நடோலாவில் விளக்குமாற்றுத் தடியை எடுத்தால் என் கைகள் அதை மூன்றாகப் பிரித்துப் பிடிக்கின்றன. ஒரு உள்ளங்கை நிலத்தைப் பார்க்கிறது, மற்றது வானத்தைப் பார்க்கிறது. மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

வீட்டில் மாம்பழம் இரண்டும் கறுத்துக் கசிந்திருந்தன. அக்கா எடுத்துக்கொண்டுபோய் வாழையடியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, பத்து மணிக்கு வளவு திறந்தது. வெறும் கையோடு திரும்பிப் போவதை நினைக்க முடியாததால் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் லீவு கேட்டு எழுதலாமா, வேலை போனால் போகட்டும் என்று இங்கேயே இருந்துவிடலாமா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நடோலாவில் மனைவி படுக்கையில் இருந்தாள். அவளையும் விட முடியாது. பிலோமினா எண்ணினார். மேலடி, மறிப்பு, பக்க அடி, மறிப்பு. என் உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து கறுப்பு இடங்களில் ஈரம் ஒட்டியது. ஐந்து நாளில் அந்தக் குறுகிய இடைவெளிக்கு என் தோள்கள் பழகிவிட்டிருந்தன.

பதினொரு மணிக்குப் படலை திறந்தது. எல்லாரும் திரும்பினோம்.

றோசலின். சேலையெல்லாம் செம்மண் புழுதி. உதடு வெடித்திருந்தது. பிலோமினா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். முழுவதையும் குடித்துவிட்டு, மதிலுக்குள் வந்தவர் சட்டப்படி சுவரில் இருந்து ஒரு கோலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகுதான் கதைத்தார். கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் முகாம் இருக்கிறதென்று சந்தையில் ஒருத்தி சொன்னாளாம். அக்கா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நான் தினமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மினிபஸ் ஏறியிருக்கிறேன்.

"வெள்ளி விடியப் போய்ப் படலையிலை குந்தினனான். எழும்பச் சொன்னாங்கள், எழும்பேல்லை. பேசினாங்கள், பேசுங்கோ எண்டு விட்டன். இண்டைக்கு விடியப் பத்து நிமிஷம் காட்டினாங்கள். கண்டனான், மாஸ்ரர். என்ரை பிள்ளையையும் கண்டனான், உங்கடை பிள்ளையையும் கண்டனான். ரெண்டு பேரும் ஒரே இடத்திலைதான்."

"வருவாளோ?"

அவர் முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்தார்.

"அப்பா அண்டைக்கு ஏன் வரேல்லை எண்டு கேட்டவ. பஸ் ரயர் வெடிச்சதாம் எண்டு சொன்னன். இப்ப அவர் உங்கடை வளவிலை கோல் பழகிறார் எண்டன். முதல் நம்பேல்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ. பிறகு, எந்தக் கோல் எண்டு கேட்டவ. நுனியிலை நீல நூல் சுத்தின கோல் எண்டு சொன்னன்."

பிலோமினா மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் இரண்டு கைகளும் கறுப்பில் இருந்தன. எடுக்கத் தெரியவில்லை.

றோசலின் கிட்ட வந்து, ஏலம் கூறிப் பழகிய குரலைத் தன்னால் முடிந்த அளவு தாழ்த்திச் சொன்னார்:

"அது தன்ரை கோலாம், மாஸ்ரர். அங்கை துவக்கு எல்லாருக்கும் காணாதாம். அதை என்னட்டைக் குடுத்துவிடட்டாம்."